இருளில் சேரும் ஒளி



மார்கழி, தை மாதங்களில், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், தெருவிளக்குகள் எட்டாத ஓரிடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். நம் தமிழ் வேதாகமத்தின் யோபு புத்தகம் 'மிருகசீரிஷம்' என்று பெயர் சொல்லிக் குறிப்பிடும் நட்சத்திரக் கூட்டத்தின் இடைவார் அது. மேற்கே சற்றுத் தள்ளி, அதே புத்தகம் 'அறுமீன்' என்று அழைக்கும் சிறு கூட்டம் மின்னிக்கொண்டிருக்கும். அந்த மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே மங்கிய ஒரு திட்டு உண்டு. கூர்ந்து நோக்கினால் சிறு புகையைப் போலத் தோன்றும். எவ்வளவு நேரம் நோக்கினாலும் அது புகையாகவே இருக்கும்.

ஆனால் நம் சபையின் வாலிபர் ஒருவர் தம் கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, அதே திட்டைச் சில நிமிடங்கள் படம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத இளஞ்சிவப்பு நிறம் அதில் தெரியக்கூடும். கண் காணாததைக் கருவி எப்படிக் கண்டது? இரவு வானத்தைப் படம் பிடிக்க மனிதர் எப்போது, எப்படிக் கற்றுக்கொண்டனர்? இந்த வாரம் அந்த வரலாற்றை உங்களோடு சேர்ந்து நினைத்துப் பார்க்க விரும்புகிறேன். அதில் பெரிய பெயர்கள் பல உண்டு. எனினும் 1857 என்ற ஒரே ஆண்டோடு தொடர்புடைய மூன்று பேரை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். அந்த ஆண்டில் ஒருவர் மறைந்தார், இருவர் பிறந்தனர்.

கண் விட்டுவிடுவதைத் தகடு பிடித்துக்கொள்கிறது

1839-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் டாகுவேர் தம் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தார். வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, ஒளிபடச் செய்து, பாதரச ஆவியில் உருவத்தை வெளிக்கொணரும் முறை அது. பகல் வெளிச்சத்தில் கட்டடங்களும் முகங்களும் அழகாகப் பதிந்தன. வானம் அவ்வளவு எளிதாகப் பதியவில்லை. 1840-இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற பேராசிரியர் நிலவைப் படம் எடுத்தார். ஒரு நட்சத்திரம் பதிவதற்கு அதன்பின் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1850 ஜூலை 16-ஆம் தேதி இரவில், அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில், அதன் இயக்குநர் வில்லியம் பாண்டும் பாஸ்டன் நகரப் புகைப்படக் கலைஞர் ஜான் ஆடம்ஸ் விப்பிளும், 15 அங்குலத் தொலைநோக்கியின் முனையில் தகட்டை வைத்து வேகா நட்சத்திரத்தை நோக்கித் திருப்பினர். நம் நாட்டு வழக்கில் அபிஜித் எனப்படும் நட்சத்திரம் இது. ஏறக்குறைய 100 வினாடிகளில் ஒரு புள்ளி பதிந்தது. சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்தை மனிதர் படமாக்கியது அதுவே முதல்முறை. வேகாவின் ஒளி நம்மை வந்தடையச் சுமார் 25 ஆண்டுகள் ஆகும். ஆகவே அன்று தகட்டில் விழுந்த ஒளி, டாகுவேர் தம் முறையை அறிவிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே புறப்பட்டுவிட்ட ஒளி.

வேகாவைவிட மங்கலான நட்சத்திரங்கள் அந்தத் தகட்டில் பதிய மறுத்தன. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசும் முறை வந்தபின், 1857-இல், வில்லியம் பாண்டின் மகன் ஜார்ஜ் பாண்டு சப்தரிஷி மண்டலத்தின் மிசார், அல்கோர் என்னும் இரு நட்சத்திரங்களை ஒரே தகட்டில் படம் எடுத்தார். 'அம்மி மிதித்து அருந்ததி பார்த்து' என்று நம் ஊர்த் திருமணங்களைப் பற்றிச் சொல்கிறோமே, அந்த அருந்ததிதான் அல்கோர். அருகிலிருக்கும் வசிஷ்டர்தான் மிசார்.

ஆயினும் இந்த முறையில் ஒரு பெரும் இடர் இருந்தது. பூசிய பசை ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து முடித்துக் கழுவிவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் தகடு காய்ந்துவிடும். காய்ந்தால் ஒளியை உணராது. 1871-இல் ரிச்சர்டு மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டின் கொண்டு உலர்தகடு செய்யும் வழியைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் அது செம்மைப்பட்டது. உலர்ந்த தகடு மணிக்கணக்கில் காத்திருக்கும். இரவு வானத்தின் கதவு உண்மையில் அப்போதுதான் திறந்தது.

ஏன் என்று எண்ணிப் பாருங்கள். நம் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு நொடியின் சிறு பகுதியில் விழுந்த ஒளியை மூளைக்கு அனுப்பிவிட்டு, அடுத்ததைப் பெறத் தயாராகிவிடுகிறது. இருட்டுக்குப் பழகியபின் ஒரு நட்சத்திரத்தை நீங்கள் ஒரு மணி நேரம் பார்த்தாலும், அது மேலும் பிரகாசமாகத் தெரியாது. தகடோ, விழுந்த ஒவ்வொரு துளி ஒளியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. முதல் நிமிடத்தில் விழுந்ததோடு ஐம்பதாம் நிமிடத்தில் விழுந்ததும் சேர்கிறது.

1880 செப்டம்பர் 30-ஆம் தேதி, நிலவைப் படம் எடுத்த டிரேப்பரின் மகன் ஹென்றி டிரேப்பர், நாம் மேலே சொன்ன அந்தப் புகைத்திட்டை, அதாவது மிருகசீரிஷத்தின் விண்முகிலை, 51 நிமிடங்கள் தகட்டில் விழச் செய்து படம் எடுத்தார். விண்முகில் ஒன்றின் முதல் புகைப்படம் அது. இரண்டே ஆண்டுகளில், 45 வயதில், அவர் இறந்துபோனார். அவருடைய மனைவி அன்னா டிரேப்பர் கணவரின் பணி நின்றுபோகக் கூடாதென்று, வானத்தைத் தொடர்ந்து படம் பிடிக்கும் பணிக்காக ஹார்வர்டு வானாய்வகத்துக்குத் தம் செல்வத்தைக் கொடுத்தார். அந்தக் கொடையின் பலனைப் பின்னர் காண்போம்.

சூரியனைப் பின்தொடர்ந்த சிறுவன்

தகடு காத்திருந்தால் மட்டும் போதாது. பூமி சுழல்கிறது, ஆகவே வானம் மணிக்கு 15 பாகை நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. முழுநிலவின் அகலத்தை ஒரு நட்சத்திரம் இரண்டே நிமிடங்களில் கடந்துவிடும். கருவியைக் கடிகார இயந்திரம் வானத்தோடு சேர்த்துத் திருப்பும் என்றாலும், அந்நாள் இயந்திரங்கள் துல்லியமாக ஓடியதில்லை. எனவே ஒருவர் துணைத் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்கிழைகளின் சந்திப்பிலேயே நிறுத்தி, அது சிறிது விலகினாலும் திருகைத் திருப்பிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். சற்றே கண்ணயர்ந்தால் படம் முழுவதும் கெட்டுவிடும்.

இந்தப் பணியில் உலகம் கண்ட மிகச் சிறந்தவர் எட்வர்டு எமர்சன் பர்னார்டு. 1857 டிசம்பர் 16-ஆம் தேதி அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் மெழுகில் பூக்கள் செய்து விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். உள்நாட்டுப் போரின் வறுமை அந்த நகரை வாட்டிய காலம் அது. சிறுவன் பள்ளிக்குச் சென்றது இரண்டு மாதங்கள் மட்டுமே, எழுத்தறிவித்தவர் தாயே.

ஒன்பது வயது நிரம்புமுன் அவன் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். படங்களைப் பெரிதாக்கும் மாபெரும் கருவி ஒன்று அந்நிலையத்தின் கூரைமேல் இருந்தது. மின்விளக்கு இல்லாத காலமாதலால் அது சூரிய ஒளியிலேயே இயங்கியது. சூரியன் நகர நகரக் கருவியையும் சக்கரங்களைச் சுழற்றித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவே அச்சிறுவனின் வேலை. வெயிலில் நின்று செய்யும் அந்தச் சலிப்பான வேலையில் அவனுக்கு முன்பிருந்த பையன்கள் உறங்கிப்போவார்களாம், இவன் உறங்கவில்லை. அந்த நிலையத்தில் அவர் ஏறக்குறைய 17 ஆண்டுகள் பணிசெய்தார்.

1876-இல் ஓர் இளைஞன் அவரிடம் சிறு தொகை கடன் வாங்கி, அதற்கு ஈடாக ஒரு நூலை வைத்துப் போனான். கடன் திரும்பவில்லை; நூல் மட்டும் தங்கியது. ஸ்காட்லாந்தின் தாமஸ் டிக் எழுதிய வானியல் நூல் அது. டிக் 1774-இல் டண்டீ நகரில் பிறந்தவர். போதகப் பணிக்குப் பயின்று, பின்னர் பள்ளி ஆசிரியராகவும் நூலாசிரியராகவும் வாழ்ந்தவர். வானத்தைப் பற்றிய அறிவு எளிய மக்களுக்கும் உரியது என்றும், அது சிருஷ்டிகரைக் குறித்த வியப்பை வளர்க்கும் என்றும் நம்பி எழுதியவர். 1857 ஜூலையில் மரித்தார். நான் முதலில் குறிப்பிட்ட மூவரில் மறைந்தவர் இவரே. தம் மரணத்துக்குச் சில மாதங்களுக்குப் பின் பிறக்கப்போகும் ஏழைப் பிள்ளை ஒருவன் அடகுப் பொருளாகத் தம் நூலைப் பெறுவான் என்று அவர் அறிந்திருக்க வழியில்லை. தாம் சிறுவயது முதல் பார்த்துவந்த நட்சத்திரங்களுக்கு வேகா, அல்டேர் முதலான பெயர்கள் உண்டு என்று அந்நூலைப் படித்தபோதுதான் பர்னார்டு அறிந்தார்.

அடுத்த ஆண்டு, தம் ஆண்டுச் சம்பளத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு 380 டாலருக்கு ஒரு தொலைநோக்கி வாங்கினார். அதே 1877-இல் நாடறிந்த வானியலாளர் சைமன் நியூகூம் நாஷ்வில் வந்திருந்தார். அவரை அணுகி வழிகேட்ட இளைஞனிடம், கணிதம் தெரியாமல் இத்துறையில் பெரிதாக எதையும் செய்ய முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். பர்னார்டு தனியே சென்று கண்ணீர் விட்டார். பிறகு கணிதம் கற்கத் தொடங்கினார். 1881-இல் தம் முதல் வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். புதிய வால்நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் அந்நாளில் 200 டாலர் பரிசு இருந்தது. அந்தப் பரிசுகளைக் கொண்டு தமக்கும் மனைவிக்கும் ஒரு சிறு வீடு கட்டினார்.

1888-இல் கலிபோர்னியாவின் ஹாமில்டன் மலையில் அமைந்த லிக் வானாய்வகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி இருந்தது. ஆனால் பால்வீதியைப் படம் எடுக்க அவர் கையில் எடுத்தது, புகைப்பட நிலையம் ஒன்றில் மனித முகங்களைப் படம் எடுக்கப் பயன்பட்ட பழைய ஆறு அங்குல லென்சு. அதை ஒரு மரப்பெட்டியில் பொருத்தி, தொலைநோக்கி ஒன்றோடு இணைத்துக் கட்டினார். 1889-ஆம் ஆண்டுக் கோடையில், சுமார் மூன்று மணிநேரம் குறுக்கிழையை விட்டுக் கண் எடுக்காமல் வழிநடத்தி, பால்வீதியின் நட்சத்திர மேகங்களை முதன்முறையாகத் தெளிவாகப் பதித்தார். கூரைமேல் சூரியனைப் பின்தொடரக் கற்ற அதே கைகள், இப்போது இருளில் ஒரு நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்தன.

அவருடைய கண்ணும் சாதாரணக் கண் அன்று. 1892 செப்டம்பரில், வியாழனின் ஒளிவெள்ளத்துக்கு அருகே மறைந்திருந்த ஐந்தாம் நிலவை அவர் கண்ணாலேயே கண்டுபிடித்தார். கலிலேயோவுக்குப் பின் ஏறக்குறைய 280 ஆண்டுகளாக எவரும் வியாழனுக்குப் புதிய நிலவைக் கண்டதில்லை. அவ்வளவு கூர்மையான கண்ணுக்குத் தெரியாதவற்றை, ஒரு பழைய முகப்பட லென்சும் மூன்று மணிநேரப் பொறுமையும் காட்டின. அதே ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி அந்த லென்சால் எடுத்த தகட்டில் ஒரு புதிய வால்நட்சத்திரம் பதிந்திருந்தது. புகைப்படத்தின் வழியாகக் கண்டறியப்பட்ட முதல் வால்நட்சத்திரம் அதுவே.

தகடுகளை வாசித்த பெண்

படம் எடுத்தவரை உலகம் நினைக்கும். எடுத்த படத்தை உட்கார்ந்து வாசித்தவரை யார் நினைப்பார்? மூன்றாம் நபரிடம் வருகிறோம்.

தாமஸ் டிக் மரித்த 1857-ஆம் ஆண்டின் மே மாதத்தில், அவருடைய சொந்த ஊராகிய டண்டீயில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வில்லியமினா. தந்தை படச் சட்டங்கள் செய்யும் கைவினைஞர். குழந்தைக்கு ஏழு வயதாகும்போது இறந்தார். 14 வயதில் அவள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினாள். மணமாகிக் கணவரோடு பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினாள். அங்கே, அவள் கருவுற்றிருந்த நிலையில், கணவர் அவளைக் கைவிட்டுப் போனார். அந்நிய நாட்டில் வில்லியமினா பிளெமிங் வீட்டுப் பணிப்பெண்ணானார். அவர் வேலைசெய்த வீடு, ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் எட்வர்டு பிக்கரிங்கின் வீடு. அவருடைய திறமையைக் கண்ட பிக்கரிங் 1881-இல் வானாய்வகத்திலேயே நிரந்தரப் பணி கொடுத்தார்.

அன்னா டிரேப்பரின் கொடையினால் ஹார்வர்டில் தகடுகள் குவியத் தொடங்கிய காலம் அது. ஒவ்வொரு தகட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே சாய்வாக நிறுத்தி, உருப்பெருக்கியை வைத்துப் பார்க்க வேண்டும். தகட்டில் எல்லாம் தலைகீழாக இருக்கும்: நட்சத்திரம் கரும்புள்ளி, இருண்ட வானம் தெளிந்த கண்ணாடி. ஆயிரக்கணக்கான கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாக வகைப்படுத்தும் பணி பிளெமிங்கிடமும் அவரோடு இருந்த பெண்களிடமும் வந்தது. 1890-இல் வெளியான பட்டியலில் அவர்கள் வகைப்படுத்திய நட்சத்திரங்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

1888-இல் மிருகசீரிஷப் பகுதியை எடுத்த ஒரு தகட்டில், இடைவாரின் கிழக்கு ஓரத்து நட்சத்திரத்துக்குத் தெற்கே நீண்டுகிடந்த மங்கிய ஒளிப்பட்டையில், அரைவட்டமாக ஒரு வெட்டு இருப்பதைப் பிளெமிங் கண்டு குறித்து வைத்தார். இன்று 'குதிரைத்தலை' என்று உலகமெல்லாம் அறிந்திருக்கும் கருமுகில் அதுதான். நட்சத்திரங்களைப் படம் எடுக்க விரும்பும் எவரும் என்றாவது ஒருநாள் எடுத்துவிட வேண்டும் என்று ஏங்கும் காட்சி அது. ஆனால் 1895-இல் வெளிவந்த பெரிய அட்டவணை, அவர் கண்டுபிடித்தவற்றைப் பிக்கரிங்கின் பெயரிலேயே குறித்தது. 1908-இல் வந்த அடுத்த அட்டவணையில்தான் அவருடைய பெயர் இடம்பெற்றது.

1899-இல் அவர் வானாய்வகத்தின் புகைப்படத் தகடுகளுக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு எழுதிய நாட்குறிப்பில், தமக்கு ஆண்டுக்கு 1,500 டாலரும் ஆண் உதவியாளர் சிலருக்கு 2,500 டாலரும் கொடுக்கப்படுவதைக் குறிப்பிட்டு, தமக்கும் பராமரிக்க ஒரு குடும்பம் உண்டு என்று வருந்தியிருக்கிறார். அந்த வருத்தம் நியாயமானது. அன்பானவர்களே, சபையிலும் வீட்டிலும் பெண்கள் செய்யும் பணி வேறொருவர் பெயரில் எழுதப்படுவதை நாம் அறியாதவர்கள் அல்லர். 1911-இல் மரிக்கும்வரை பிளெமிங் 300-க்கும் மேற்பட்ட ஒளிமாறும் நட்சத்திரங்களையும் 10 புதுமீன்களையும் கண்டறிந்திருந்தார்.

மைத்துளிகள்

மீண்டும் பர்னார்டிடம் வருவோம். அவருடைய பால்வீதிப் படங்களில் ஒரு புதிர் இருந்தது. நட்சத்திரங்கள் அரிசிமாவைத் தூவியதுபோல் நிறைந்திருக்கும் இடங்களின் நடுவே, கருப்பான பொந்துகளும் ஓடைகளும் காணப்பட்டன. விருச்சிகத்தின் செந்நிறக் கேட்டை நட்சத்திரத்துக்கு அருகேயும் அப்படிப்பட்ட இருண்ட பாதைகள் உண்டு. அவை என்ன? அங்கே நட்சத்திரங்களே இல்லை, அவை வானத்தின் வெற்றிடங்கள் என்று எண்ணுவதே இயல்பாக இருந்தது. பர்னார்டும் நெடுங்காலம் அப்படியே எண்ணினார். வேறு சிலர், அவை ஒளியை மறைக்கும் பொருள்கள் என்றனர். அவர் அவசரப்பட்டு மனம் மாறவில்லை. படங்களை எடுத்துக்கொண்டே இருந்தார்.

1895-இல் அவர் விஸ்கான்சின் மாநிலத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு மாறியிருந்தார். உறைபனிக் குளிரிலும் இரவு முழுவதும் விழித்திருப்பவர் என்று அங்கே பெயர்பெற்றார். கேத்தரின் புரூஸ் என்ற பெண்மணியின் நன்கொடையால் அவருக்கென்றே 10 அங்குலப் புகைப்படத் தொலைநோக்கி ஒன்று செய்யப்பட்டது. 1913-ஆம் ஆண்டுக் கோடையில், நிலவற்ற தெளிந்த ஓர் இரவில், அதைக் கொண்டு தென்திசைப் பால்வீதியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது தனுசு மண்டலத்தின் ஒளிமிகுந்த நட்சத்திர மேகங்களுக்குக் குறுக்கே, நம் பூமியின் சின்னஞ்சிறு மேகத்துணுக்குகள் சில வந்து நின்றன. அந்தப் பின்னணி ஒளியின் முன் அவை மைத்துளிகளைப்போலக் கருத்துத் தெரிந்தன. தம் தகடுகளில் அதுவரை பார்த்த அதே கருமை!

பர்னார்டின் மனதில் நெடுநாள் வளர்ந்துவந்த ஐயம் அன்று உறுதிப்பட்டது. அந்த இருண்ட இடங்களில் பல, வெற்றிடங்கள் அல்ல; பின்னால் உள்ள ஒளியை மறைத்து நிற்கும் முகில்கள். 1919-இல் 182 கருமுகில்களின் பட்டியலை வெளியிட்டார். பிளெமிங் கண்ட குதிரைத்தலை அதில் 33-ஆவது எண்ணைப் பெற்றது. 1857-இல் கடலின் இரு கரைகளில் வறுமையில் பிறந்த இருவரின் உழைப்பு அந்த ஓர் எண்ணில் சந்தித்தது.

அக்கருமுகில்களைப் பற்றி உலகம் பின்னர் மேலும் அறிந்தது. 1947-இல் பார்ட் பாக் என்ற வானியலாளர், அவற்றுள் சிறியவை நட்சத்திரங்கள் உருவாகும் இடங்களாக இருக்கலாம் என்றார். அகச்சிவப்பு ஒளியை உணரும் கருவிகள் வந்தபின் அது உறுதியாயிற்று. ஒன்றுமில்லை என்று கருதப்பட்ட அந்த இருளுக்குள் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருந்தன.

பர்னார்டு தம் பால்வீதிப் படங்களைத் தொகுத்து ஒரு பெருநூலாக்க விரும்பினார். அச்சிட்டால் நுண்மை கெடும் என்று, 700 பிரதிகளிலும் 51 படங்களை உண்மையான புகைப்படங்களாகவே ஒட்டச் செய்தார். அதாவது 35,700 புகைப்படங்கள். ஒவ்வொன்றையும் தாமே சரிபார்த்தார். நூல் முடியுமுன், 1923 பிப்ரவரி 6-ஆம் தேதி, மரித்தார். அவருடைய மனைவியின் உறவினரான மேரி கால்வெர்ட்டும் வானாய்வக இயக்குநர் எட்வின் பிராஸ்ட்டும் எஞ்சிய பணியை முடித்து 1927-இல் வெளியிட்டனர்.

இன்று நீங்கள் செய்யக்கூடியது

இவர்கள் கற்ற கலை இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. கைப்பேசியின் இரவுநேரப் பட வசதி ஒரே இடத்தைப் பலமுறை படம் எடுத்து, பூமியின் சுழற்சியால் நட்சத்திரங்கள் நகர்ந்ததைக் கணக்கிட்டு, அனைத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்க்கிறது. பர்னார்டின் கை செய்ததை இப்போது கணினி செய்கிறது. அடிப்படை மாறவில்லை: அசையாமல் இருக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், வந்த ஒளியைச் சேர்த்து வைக்க வேண்டும்.

ஆகவே உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, அமாவாசையை ஒட்டிய இரவு ஒன்றில், விளக்கொளி குறைந்த வயல்வெளிக்கோ கடற்கரைக்கோ செல்லுங்கள். கண்கள் இருளுக்குப் பழக 20 நிமிடங்களாவது கொடுங்கள். அதுவரை கைப்பேசித் திரையைப் பார்க்காதீர்கள். பிறகு அதைக் கையில் பிடிக்காமல் ஒரு தாங்கியிலோ கல்லின்மீதோ சாய்த்து நிறுத்துங்கள். தொடும்போது அதிரும் என்பதால், சில வினாடிகள் கழித்துத் தானே படம் எடுக்கும்படி அமைத்துவிடுங்கள். தை மாதமானால் மிருகசீரிஷத்தை நோக்குங்கள். ஆனி, ஆடியில் வானம் தெளிந்திருந்தால் தெற்கே விருச்சிகத்தையும் தனுசையும் நோக்குங்கள். பர்னார்டு மேகத்துணுக்குகளைக் கண்ட பகுதி அதுதான். நம் தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால், அவர் வாழ்ந்த விஸ்கான்சினைவிட அது வானில் மிக உயரத்தில் தெரியும். முதல் படம் நன்றாக வராது. இரண்டாவதும் வராமல் போகலாம். சலிக்காதீர்கள்.

உங்களில் சிலர் இந்நாட்களில் இருண்ட இடத்தில் நிற்பதை நான் அறிவேன். நோயுற்றவரின் படுக்கையருகே மாதக்கணக்கில் விழித்திருப்பவர்கள் உண்டு. பிள்ளைக்காக ஆண்டுக்கணக்கில் ஜெபித்தும் மாற்றம் எதையும் காணாதவர்கள் உண்டு. ஒருவரும் பெயர் சொல்லாத வேலையை நாள்தோறும் செய்து களைத்தவர்கள் உண்டு. உங்கள் இருளை எளிதில் விளக்கிவிடும் சொல் எதுவும் என்னிடம் இல்லை. இந்த வரலாற்றிலிருந்து ஒன்றை மட்டும் உங்களிடம் வைக்கிறேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியவர்களுக்கு வானம் தன் இருளை விளக்கவில்லை. குளிரிலும் தனிமையிலும் ஒரே நட்சத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவருக்கும், தகடுகளின்மேல் பொறுமையோடு குனிந்திருந்தவருக்குமே அது சிறிது சிறிதாகத் தெரியவந்தது. அவர்களும் முழுவதையும் காணவில்லை. டிக் தம் நூலின் பலனைக் காணவில்லை. ஹென்றி டிரேப்பர் தம் மனைவியின் கொடையால் குவிந்த தகடுகளைக் காணவில்லை. தாம் எண்ணிட்ட முகில்களுக்குள் நட்சத்திரங்கள் பிறப்பதைப் பர்னார்டு அறியவில்லை.

இன்றிரவு உறங்கப்போகுமுன் ஒருமுறை வெளியே வந்து நில்லுங்கள். உங்கள் கண்ணில் படும் ஏதாவது ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்துகொண்டு, சிறிது நேரம் அதையே பாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதன் ஒளி வெகுகாலமாக உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.